ஏர்பிரஷ் டி-ஷர்ட் தொழில்: பெயர் முதலில், முகம் பிறகு

திருப்பூர் காதர்பேட்டையில் டஜன் கணக்கில் கிடைக்கும் வெள்ளை டி-ஷர்ட்டுக்கும், மூணாறு கடைவீதியில் ஒருவர் தன் பெயரைப் போட்டு வாங்கிப் போகும் டி-ஷர்ட்டுக்கும் நடுவில் இருப்பது இருபது நிமிட வேலை. ஏர்பிரஷ் கலைஞர் விற்பது அந்த இருபது நிமிடத்தைத்தான். துணி திருப்பூருடையது, வண்ணம் கடையில் வாங்கியது. வாடிக்கையாளரின் கண்ணெதிரே நடக்கும் கைவேலை மட்டுமே இவருடைய சொந்தச் சரக்கு.

இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தவிரும். புகைப்படத்தை அப்படியே சட்டையில் இறக்க இன்று டிடிஎஃப் அச்சும் சப்ளிமேஷனும் இருக்கின்றன. சின்ன ஊர்களிலும் அந்தக் கடைகள் வந்துவிட்டன. அவற்றோடு போட்டி போட்டு நடிகர் முகத்தை ஏர்பிரஷ்ஷில் வரைய உட்காருபவர், அரைநாள் உழைத்து, சில நிமிடங்களில் முடியும் ஓர் அச்சு வேலையிடம் தோற்றுப்போவார். அச்சு இயந்திரத்தால் முடியாத வேலை ஒன்றுதான்: எதிரே நிற்பவர் பெயரைக் கேட்டு, அவர் கேட்ட வண்ணத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதித் தருவது. தொழில் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அமெரிக்காவிலும் இந்தத் தொழில் அப்படித்தான் காலூன்றியது. ஏர்பிரஷ்ஷின் முன்னோடிக் கருவி ஒன்றுக்கு 1876இல் அமெரிக்கர் ஃபிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி காப்புரிமை பெற்றார். பின்னாளில் நீராவிக் கார் செய்து புகழ்பெற்ற அதே ஸ்டான்லிதான். ஏர்பிரஷ்ஷை டி-ஷர்ட்டின் மேல் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் எட் ரோத். கார் கண்காட்சிகளில் உட்கார்ந்து, கேட்டவருக்குக் கேட்ட பூதத்தைச் சட்டையில் வரைந்து கொடுத்தார். 1980களில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ‘ஷர்ட் கிங்ஸ்’ என்ற இளைஞர் குழு ஒரு வணிக வளாகத்துக் கடையில் பெயர்களையும் கார்ட்டூன் உருவங்களையும் தெளித்து, ராப் பாடகர்களையே வாடிக்கையாளர்களாகப் பிடித்தது.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி இருப்பவருக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்திலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. இரண்டு எழுத்தையும் சரளமாக எழுதும் கை இந்தத் தொழிலில் ஒரு முதலீடு.

என்ன வாங்குவது, எந்த வரிசையில்

ஏர்பிரஷ். டபுள் ஆக்‌ஷன் வகைதான் வேண்டும். விசையை அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் வண்ணம் வரும். சிங்கிள் ஆக்‌ஷன் விலை குறைவுதான், ஆனால் கோட்டை ஓடும்போதே மெலிதாக்கவும் தடிமனாக்கவும் அதில் வழியில்லை. துணிக்கு நாசில் 0.5 மி.மீ. இருக்கட்டும். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 0.2, 0.3 மி.மீ. கருவிகள் நகக்கலைக்கும் பொம்மை வேலைக்கும் சரி. துணி வண்ணம் அவற்றில் அடைத்துக்கொண்டே இருக்கும். மேலே கிண்ணம் உள்ளதைவிட, கீழே பாட்டில் மாட்டும் வகை கடை வேலைக்கு ஏற்றது. வாடிக்கையாளர் காத்திருக்கும்போது பாட்டிலை மாற்றினால் அடுத்த வண்ணம் தயார்.

கம்ப்ரசர். காகிதத்தில் வரைய 15 முதல் 25 பிஎஸ்ஐ போதும். டி-ஷர்ட்டுக்கு 40 முதல் 60 வரை தேவைப்படும். வண்ணம் நூலுக்குள் இறங்க வேண்டுமல்லவா. டாங்க் இல்லாத சின்ன மோட்டார்களால் இது முடியாது. மூன்று லிட்டர் டாங்க் உள்ள ஏர்பிரஷ் கம்ப்ரசர் பழகுவதற்குப் போதும். கடை போடும்போது எண்ணெய் இல்லாத வகையில் 24 லிட்டர் டாங்க் பார்த்து வாங்கலாம். பஞ்சர் கடைகளில் இருக்கும் பெரிய கம்ப்ரசர் செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை எண்ணெய் ஊற்றி ஓடுபவை. காற்றோடு வரும் எண்ணெய்த் துளி வெள்ளைத் துணியில் விழுந்தால் அந்தச் சட்டை கைத்துடைக்கும் துணிதான்.

ரெகுலேட்டரும் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் சேர்த்தே வாங்க வேண்டும். வடிகட்டி ஏன் என்பது இடுக்கி மழை பற்றிய பகுதியில் வருகிறது.

வண்ணம். ஃபெவிக்ரில், கேமல் போன்ற பிராண்டுகளின் அக்ரிலிக் துணி வண்ணங்கள் பாலக்காட்டிலும் தேனியிலும் ஸ்டேஷனரி கடைகளிலேயே கிடைக்கும். அவை தூரிகைக்காகச் செய்யப்பட்டவை, கெட்டியானவை. ஏர்பிரஷ்ஷுக்குப் பாலின் பதத்துக்குக் கரைக்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றிக் கரைத்தால் வண்ணத்தை நூலோடு பிடித்துவைக்கும் பைண்டரும் சேர்ந்து நீர்த்துப்போகும். நாலு துவைப்பில் சட்டை வெளுக்கும். பாதி தண்ணீர், பாதி துணிக்கான மீடியம் என்று சேர்ப்பது நல்லது. கரைத்ததைப் பழைய நைலான் துணியில் வடிகட்டாமல் பாட்டிலில் ஊற்றக் கூடாது. ஏர்பிரஷ்ஷுக்கென்றே தயாராகும் இறக்குமதி வண்ணங்கள் தரமானவை, விலை அதிகம். பழகும் காலத்தில் அவற்றை வீணாக்க வேண்டியதில்லை.

டி-ஷர்ட். நூறு சதவீதக் காட்டன், சிங்கிள் ஜெர்சி, பயோ வாஷ் செய்தது, 180 ஜிஎஸ்எம். இந்த நாலையும் சொல்லிக் கேட்டால் திருப்பூர்க் கடைக்காரர் எதிர்க்கேள்வி கேட்காமல் எடுத்துக் காட்டுவார். பயோ வாஷ் செய்யாத துணியில் மேலெழுந்து நிற்கும் இழைகள் கோட்டின் ஓரத்தை மசமசப்பாக்கும். விளையாட்டு ஜெர்சிகள் பாலியஸ்டர். அவற்றில் இந்த வண்ணம் சரியாகப் பிடிக்காது. செவன்ஸ் கால்பந்து அணிக்காரர்கள் ஜெர்சியைக் கொண்டுவந்து பின்னால் பெயர் கேட்டால், மறுத்துவிட்டு டிடிஎஃப் கடைக்கு வழிகாட்டுவதே மரியாதை.

திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே காதர்பேட்டை இருப்பதால் பாலக்காட்டுக்காரர் காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. மூணாறு, மறையூர்க்காரருக்கு உடுமலை, சின்னாறு வழிச் சாலை; குமுளி, வண்டிப்பெரியாறுக்காரருக்குக் கம்பம், தேனி வழி. எந்த வழியில் வந்தாலும் ஜிஎஸ்டி பில் கையில் இருக்க வேண்டும். ஒரே சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும்.

சட்டைப் பலகை. டி-ஷர்ட்டுக்குள் நுழையும் அளவில், சுமார் 16க்கு 20 அங்குலத்தில் ஒரு பிளைவுட் பலகை. மேலே சன்மைக்கா ஒட்டி, மூலைகளை உருட்டித் தேய்த்துவிட்டால் துணி கிழியாது. இரண்டு பலகை இருந்தால் ஒன்று காயும்போது மற்றதில் வேலை ஓடும்.

ஸ்டென்சில். ஓஎச்பி ஷீட், அல்லது பழைய எக்ஸ்ரே ஃபிலிம். எக்ஸ்ரே ஃபிலிம் விறைப்பானது, ஈரத்தில் சுருளாது, பேப்பர் கட்டரால் நேர்த்தியாக வெட்டலாம்.

ஹீட் பிரஸ். இதை முதல் நாளே வாங்க வேண்டாம். அயர்ன் பாக்ஸை வைத்தே தொடங்கலாம். ஆர்டர் தொடர்ந்து வர ஆரம்பித்ததும் 38க்கு 38 செ.மீ. அளவுள்ள ஒன்றை வாங்கலாம். அது இழுக்கும் மின்சாரம் இரண்டாயிரம் வாட்டை நெருங்கும். 16 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும்; வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது.

கை பழகும் வரிசை

ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: தொடங்கும்போது காற்று முதலில், வண்ணம் பிறகு; நிறுத்தும்போது வண்ணம் முதலில், காற்று கடைசியில். வண்ணத்தைத் திறந்தபடியே காற்றை நிறுத்தினால் நுனியில் ஒரு சொட்டு தேங்கி நிற்கும். அடுத்த முறை அழுத்தியதும் அது சட்டையில் தெறிக்கும். புதியவர்கள் கெடுக்கும் சட்டைகளில் பெரும்பகுதி இந்தச் சொட்டால்தான்.

1. செய்தித்தாளில் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புள்ளி. புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். தமிழில் பெயர் எழுதுபவருக்கு மெய்யெழுத்தின் புள்ளி இதுதான். மேலே அது சிதறினால் பெயரே கெட்டுப்போகும்.

2. நேர்கோடு. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை ஓட்ட வேண்டும். கை நகரத் தொடங்கிய பிறகு விசையை இழுத்து, கை நிற்பதற்கு முன் விட வேண்டும். கோட்டின் இரு முனையிலும் குண்டு விழுந்தால் இந்த ஒழுங்கு தப்பியிருக்கிறது என்று பொருள்.

3. ஒரு முனை தடித்து மறுமுனை ஊசியாக முடியும் கோடு. தூரத்தில் தொடங்கித் துணியை நெருங்கிக்கொண்டே விசையை விட வேண்டும். எழுத்துக்கு அழகைக் கொடுப்பது இந்தக் கோடுதான். இதில் அதிக நேரம் செலவிடலாம்.

4. நிழல். பதினைந்து செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் கரைந்துபோகும்படி மெல்லிய அடுக்குகளாகத் தெளிப்பது.

5. எழுத்து. மலையாள எழுத்துகளின் வட்டங்கள் ஏர்பிரஷ்ஷுக்கு இயல்பாக வரும். தமிழில் ண, ழ, ற ஆகியவற்றின் மடிப்புகளில் கை தடுமாறும். ஒவ்வொரு திருப்பத்திலும் விசையைக் கொஞ்சம் விட்டுப் பிடித்தால் மூலையில் வண்ணம் தேங்காது.

காகிதத்தில் வந்ததெல்லாம் துணியிலும் வந்துவிடாது. காகிதப் பயிற்சி முடிந்ததும் பழைய பனியன்களில் தொடர வேண்டும். விலை கொடுத்து வாங்கிய டி-ஷர்ட் கடைசியில்தான்.

முதல் டி-ஷர்ட்: பத்து படிகள்

1. துணியை உதறி, இழையும் தூசியும் இருந்தால் செலோடேப்பால் ஒற்றி எடுத்து, லேசாக அயர்ன் செய்ய வேண்டும்.

2. பலகையைச் சட்டைக்குள் நுழைத்து, சுருக்கம் இல்லாமல் பின்பக்கம் கிளிப் போட வேண்டும். இறுக்கி இழுத்தால், பலகையை எடுத்ததும் எழுத்து குறுகும்.

3. ஆர்டர் நோட்டில் பெயரை வாடிக்கையாளரே தன் கையால் எழுதட்டும். எழுத்துப் பிழை யாருடையது என்ற சண்டை அப்போதே தீர்ந்துவிடும். மலையாளப் பெயரானால் இது கட்டாயம். 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் பலர் பழைய கூட்டெழுத்தையே விரும்புகிறார்கள். எது வேண்டும் என்பதை அவரே எழுதிக் காட்டிவிடுவார்.

4. சாக்பீஸால் மேல்கோடு, கீழ்கோடு, நடுக்கோடு. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் முதலில் குறித்துக்கொண்டால் நடுவில் இடம் தட்டாது. பெயரை மார்புக்கு மேலே போட வேண்டும். வயிற்றில் எழுதிய பெயரை யாரும் போட்டுக்கொண்டு போவதில்லை.

5. வெளிர் வண்ணத்தில் பின்னணி: மூடுபனி, மலைவரிசை, சூரியன் என்று ஏதாவது ஒன்று. தொலைவிலிருந்து, மெல்லிய அடுக்காக.

6. எழுத்தின் உடல், நடுத்தர வண்ணத்தில்.

7. எழுத்தின் கீழ்ப்பக்கமும் வலப்பக்கமும் அடர்நிழல்.

8. கறுப்பில் ஓரக்கோடு. இதுதான் திரும்ப முடியாத படி. இதற்கு முன் பாட்டிலை மாற்றி, ஒரு காகிதத்தில் தெளித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

9. வெள்ளையில் மினுக்கம்: மேல்வளைவுகளில் சிறு கோடு, இரண்டு மூன்று இடத்தில் நட்சத்திரப் புள்ளி. வாடிக்கையாளர் கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான். எனவே இதை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம்.

10. முழுதாகக் காயவிட்டு, சூடேற்றம்.

கறுப்பு டி-ஷர்ட் எல்லாருக்கும் பிடிக்கும், புதியவருக்கு மட்டும் ஆகாது. அதில் எந்த வண்ணமும் தெரிய வேண்டுமானால் அடியில் வெள்ளை போட வேண்டும். வெள்ளை நிறமியோ கனமானது, நாசிலை அதிகம் அடைப்பது. வெள்ளை, சாம்பல், வெளிர் மஞ்சள் துணிகளில் கை தேறிய பிறகு கறுப்பைத் தொடலாம்.

சூடேற்றம்: இங்கே சோம்பினால் தொழில் போச்சு

சட்டையின் மேல் வண்ணம் காய்ந்திருப்பதும், நூலோடு பிணைந்திருப்பதும் வேறு வேறு. காய்ந்ததைத் தொட்டுப் பார்த்து நம்பிச் சட்டையை விற்றுவிட்டால், முதல் சலவையில் வாளித் தண்ணீர் நிறம் மாறும்.

அயர்ன் பாக்ஸானால்: காட்டன் அளவில் சூடு வைத்து, நீராவியை அணைத்து, படத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி போட்டு, ஒரே இடத்தில் நிற்காமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு சட்டையை உள்பக்கம் திருப்பி இன்னொரு முறை.

ஹீட் பிரஸ்ஸானால்: டெஃப்லான் ஷீட்டை மேலே வைத்து, 150 முதல் 160 டிகிரி செல்சியஸில், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். ஈரம் இருக்கும் சட்டையை அழுத்தினால் உள்ளே நீராவி எழுந்து வண்ணத்தைத் தூக்கும். வண்ணப் புட்டியில் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

ஒரு சோதனை உண்டு. புதிய வண்ணம், புதிய துணி எது வந்தாலும் ஒரு துண்டில் ஒரே படத்தை இரு முறை வரைந்து, சூடேற்றி, நடுவில் வெட்ட வேண்டும். ஒரு பாதியை வீட்டில் வழக்கமாகத் துவைக்கும் சோப்பில் ஐந்து முறை துவைத்து, மற்ற பாதியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் அந்தக் கலவை விற்பனைக்கு ஆகாது. இந்தத் துண்டுகளைக் கடையில் தொங்கவிட்டால் விளம்பரப் பலகையைவிட நன்றாகப் பேசும்.

விற்கும்போது சொல்ல வேண்டியது: மூன்று நாள் துவைக்க வேண்டாம், உள்பக்கம் திருப்பித் துவையுங்கள், பிளீச்சிங் வேண்டாம், கல்லில் அடிக்க வேண்டாம்.

பாலக்காட்டுக் காற்று, இடுக்கி மழை

ஒரே கருவி மலைக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வாசலில் உட்கார்ந்து வரைபவருக்கு ஊசி நுனியிலேயே வண்ணம் காய்ந்துவிடும். கோடு திடீரென்று மெலியும், பிறகு குபுக்கென்று துப்பும். ஈரப் பஞ்சுக் குச்சியால் நுனியை அவ்வப்போது துடைப்பது, வண்ணத்தில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில சொட்டு சேர்ப்பது, காற்று நேராக அடிக்காத பக்கம் திரும்பி உட்காருவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் சமாளிக்கலாம். மார்ச், ஏப்ரலில் வெயிலில் வைத்த வண்ணப் பாட்டில் கெட்டிப்படும். நிழல் கட்டாயம்.

இடுக்கியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிரச்சினை தலைகீழ். கம்ப்ரசர் ஈரக்காற்றை இழுத்து அழுத்தும்போது அது தண்ணீராகிறது. டாங்க்கின் அடியிலும் குழாயிலும் தேங்கி, கோட்டின் நடுவே தண்ணீர்த் துளியாக விழும். வேலை முடிந்ததும் டாங்க்கின் அடிவால்வைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். ஈரம் பிடிக்கும் வடிகட்டியைக் கம்ப்ரசரில் ஒன்று, கருவிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று என்று போட்டால் நிம்மதி. சட்டையை வெளியில் காயப்போட்டு நாள் கணக்கில் காத்திருக்காமல், மின்விசிறிக்கு முன் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகே பிரஸ்ஸில் வைக்க வேண்டும்.

மூணாறு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தமே சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் கம்ப்ரசர் டாங்க்கை நிரப்ப அதிக நேரம் ஓடும், அதிகம் சூடாகும். பாலக்காட்டில் போதுமாக இருந்த சின்ன கம்ப்ரசர் அங்கே மூச்சு வாங்கும். மறையூர் மழைமறைவுப் பகுதி என்பதால் தென்மேற்குப் பருவத்திலும் அங்கே ஈரத்தொல்லை குறைவு.

கருவி சொல்லும் குறைகள்

- வண்ணம் துப்புகிறது: குழாயில் தண்ணீர், அல்லது நுனியில் காய்ந்த வண்ணம்.
- பாட்டிலுக்குள் குமிழி: நாசில் சரியாக இறுகவில்லை அல்லது விரிந்துவிட்டது.
- கோட்டிலிருந்து சிலந்திக்கால் போல இழைகள் ஓடுகின்றன: வண்ணம் அதிக நீர்ப்பதம், அல்லது கருவி துணிக்கு மிக நெருக்கம்.
- கோட்டைச் சுற்றிப் பொடிமூட்டம்: அழுத்தம் அதிகம், அல்லது தூரம் அதிகம்.
- காற்று வருகிறது, வண்ணம் வரவில்லை: பாட்டில் மூடியிலுள்ள சின்னத் துளை அடைத்திருக்கிறது. பலர் கருவியையே கழற்றிப் போட்டுவிட்டுக் கடைசியில்தான் இதைப் பார்ப்பார்கள்.

வேலை முடிந்ததும் தண்ணீர், பிறகு கிளீனர், மீண்டும் தண்ணீர் என்று தெளித்து, ஊசியைப் பின்பக்கமாக உருவித் துடைத்து வைக்க வேண்டும். ஊசி நுனி வளைந்தால் கோடும் வளையும்.

பாதுகாப்பு

தண்ணீரில் கரையும் வண்ணம்தானே என்ற அலட்சியம் இந்தத் தொழிலில் அதிகம். புட்டியில் நச்சற்றது என்று எழுதியிருப்பது, கையில் பட்டால் தீங்கில்லை என்பதற்காக. அதை மூடுபனியாக்கி நாள் முழுக்க நுரையீரலுக்குள் இழுப்பது வேறு விஷயம்.

1. குறைந்தது என்95 மாஸ்க். துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் இதற்குப் பயனில்லை. தினமும் பல மணி நேரம் தெளிப்பவர் துகள் வடிகட்டி மாற்றும் ரப்பர் மாஸ்க் வாங்க வேண்டும்.

2. அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன். தெளிப்பு வாடிக்கையாளர் பக்கமோ பக்கத்துப் பழச்சாறுக் கடைப் பக்கமோ போகாதபடி உட்கார வேண்டும்.

3. காட்மியம், கோபால்ட் கலந்த ஓவிய வண்ணங்களைத் தெளிக்கவே கூடாது.

4. கார், பைக் பெயின்ட் கடையில் கிடைக்கும் ஹார்டனர் சேர்க்கும் பெயின்ட்டும் கிளியர் கோட்டும் வேண்டாம். அவற்றிலுள்ள ஐசோசயனேட் தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. தின்னர், பெட்ரோல் எதையும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றிக் கழுவி மூடிய அறையில் தெளித்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

5. கருவியை யார் முகத்துக்கு நேராகவும், சொந்தக் கைக்கு நேராகவும் பிடிக்கக் கூடாது. கடைக்கு வரும் குழந்தைகள் கேட்டாலும் கையில் கொடுக்கக் கூடாது.

6. கம்ப்ரசரின் சேஃப்டி வால்வைக் கட்டியோ அடைத்தோ வைக்கக் கூடாது. எர்த் உள்ள பிளக்கில் மட்டும் இணைக்க வேண்டும்.

7. கழுவிய தண்ணீரை ஓடையில் கொட்டக் கூடாது. ஒரு வாளியில் தேக்கி, வண்ணம் அடியில் படிந்ததும் படிவைக் காயவைத்துக் குப்பையோடு அகற்ற வேண்டும். நொய்யல் மாசு காரணமாகத் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட கதை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அங்கே நடந்தது பெரிய அளவு. மலையோடைக்கு ஒரு வாளியே அதிகம்.

யாருக்கு விற்பது

மூணாறிலும் குமுளியிலும் சுற்றுலாப் பயணிக்கு நேரம் குறைவு. அவருக்கு ஐந்தாறு ஆயத்தப் பின்னணிகளை முன்பே தெளித்துச் சூடேற்றி வைத்திருந்து, பெயரை மட்டும் உடனே எழுதித் தர வேண்டும். இரவிகுளத்து வரையாடு, தேயிலைச் சரிவு, பெரியாற்று யானை, குறிஞ்சிப் பூ ஆகியவை யாருடைய உரிமையும் இல்லாத, அந்த மண்ணுக்கே உரிய படங்கள். குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030. அந்த ஆண்டுக்கான வடிவத்தை இப்போதே வரைந்து பழகலாம்.

பாலக்காட்டுப் பக்கம் வியாபாரம் திருவிழாவைச் சுற்றி நடக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறையும் வல்லங்கியும் இரு ஊர்களாகப் போட்டிபோடும் வேலா திருவிழா. நவம்பரில் கல்பாத்தித் தேர். இளைஞர்கள் கூட்டாக டி-ஷர்ட் போடும் ஊர்களில், முப்பது சட்டை ஆர்டர் வந்தால் பொது வடிவத்தை ஸ்டென்சிலில் தெளித்து, ஒவ்வொருவர் பெயரை மட்டும் கையால் எழுத வேண்டும். முப்பதையும் முழுக்கக் கையால் வரைய ஒப்புக்கொண்டால் திருவிழா முடிந்த பிறகுதான் சட்டை போய்ச் சேரும். இடுக்கியின் ஜீப் ஓட்டுநர்கள், கல்லூரி விடுதிகள், பிறந்தநாள் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் உள்ள வாடிக்கை.

விலைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. சட்டை 160 ரூபாய், வண்ணமும் மீடியமும் 25, மின்சாரம், கெட்டுப்போகும் சட்டைகளின் பங்கு 25 என்று வைத்தால் அடக்கம் 210. மணிக்கு 300 ரூபாய் கூலி என்று தீர்மானித்தவருக்கு இருபது நிமிடத்துக்கு 100. வாடகைப் பங்கு 40. மொத்தம் 350. அதற்குக் கீழே பேரம் இறங்கினால் கூலியைத்தான் விட்டுக்கொடுக்கிறார். கெட்டுப்போகும் சட்டையைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்வது புதியவர்களின் வழக்கமான பிழை.

வரையக் கூடாதவை, வாங்க வேண்டிய தாள்கள்

கால்பந்துக் கிளப்பின் சின்னம், கார்ட்டூன் பாத்திரம், சினிமா போஸ்டர் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. நடிகரின் பெயருக்கும் உருவத்துக்கும்கூட உரிமை உண்டு. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015இல் அவருடைய பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படத் தயாரிப்பு நிறுவனத்துக்குத் தடை விதித்தது. ஆகஸ்ட் 15க்கு மூவர்ண ஆர்டர் வரும். தேசியக் கொடியின் மேல் எழுத்து எழுதுவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவமதிப்பு. எனவே கொடியை வரைந்து அதன்மேல் பெயர் கேட்பவருக்கு மறுக்க வேண்டும்.

மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், தரகர் வேண்டாம். கேரளம் 2019இல் கொண்டுவந்த சிறுதொழில் சட்டப்படி, கே-ஸ்விஃப்ட் தளத்தில் சுயசான்று கொடுத்து ஒப்புகை பெற்றால், மாநில அனுமதிகளுக்குக் காத்திராமல் மூன்று ஆண்டுகள் தொழில் நடத்தலாம். எல்லையில் இருப்பவர் கவனிக்க வேண்டியது ஜிஎஸ்டி. குமுளிக் கடைக்கு வந்து தமிழகப் பக்கத்துக் கூடலூர்க்காரர் வாங்கிப்போனால் அது கடைக்குள் நடந்த விற்பனை. அதே சட்டையைக் கூரியரில் கூடலூருக்கு அனுப்பினால் மாநிலம் கடந்த விற்பனை. அதற்கு விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பதே பொதுவிதி. சில விலக்குகள் உண்டு என்பதால், இணையத்தில் ஆர்டர் எடுக்கும் முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

கடன் தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம். ஏர்பிரஷ், கம்ப்ரசர், மாஸ்க், முதல் மூன்று டஜன் சட்டை ஆகியவற்றை அந்தத் தொகைக்குள் முடித்துவிடலாம். வங்கிக்குப் போகும்போது, சொந்தக் கையால் வரைந்து ஐந்து முறை துவைத்த ஒரு டி-ஷர்ட்டையும் எடுத்துப் போங்கள். அது இன்னும் தயாராகவில்லை என்றால், கடன் விண்ணப்பத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.